மேடையில் நம்முடையது, பதிவில் யாருடையது? டெல்டா மெல்லிசைக் குழு ஒன்றின் பத்துப் பாட்டு

கும்பகோணத்தில் இருந்துகொண்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் கச்சேரி செய்துவரும் மெல்லிசைக் குழு ஒன்று, சொந்தப் பாட்டும் பழைய பாட்டும் கலந்து பத்துப் பாட்டுள்ள ஆல்பம் ஒன்றைப் பதிவு செய்து வெளியிட்டது. அந்த வேலை எப்படி நடந்தது, எங்கே சிக்கியது, ஏன் சிக்கியது என்பதை இங்கே பார்க்கிறோம். குழுவின் பெயரும் ஆட்களின் பெயரும் விடப்பட்டுள்ளன. திருவாரூர், மயிலாடுதுறை, மன்னார்குடி, பட்டுக்கோட்டை வட்டாரங்களில் இதே நிலையில் உள்ள குழுக்கள் பல. அவர்களுக்கு உதவும் விவரங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

குழுவில் ஒன்பது பேர். ஆண் குரல் இரண்டு, பெண் குரல் ஒன்று, கீபோர்டு இரண்டு, லீட் கிட்டார், பேஸ் கிட்டார், தபேலா–டோலக் வாசிப்பவர் ஒருவர், டிரம்ஸும் பேடும் வாசிப்பவர் ஒருவர். முதல் திட்டம் ஐந்து சொந்தப் பாட்டு, ஐந்து சினிமாப் பாட்டு. சினிமாப் பாட்டு ஐந்தும் கோயில் திருவிழாக்களில் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிற பாட்டுகள். அவை ஒரு வாரத்தில் முடிந்துவிடும், சொந்தப் பாட்டுக்குத்தான் நாள் பிடிக்கும் என்று கணக்குப் போட்டார்கள். நடந்தது நேர் எதிர். பணம், கடிதப் போக்குவரத்து, திரும்பத் திரும்பப் பதிவு என எல்லாவற்றிலும் அதிகம் விழுங்கியது பழைய பாட்டுதான். கடைசியில் ஆல்பத்தில் நின்ற சினிமாப் பாட்டு ஒன்றே ஒன்று.

எந்தப் பாட்டு யார் கையில் இருக்கிறது

மேடைக் குழுக்கள் பலவற்றுக்குப் பதிப்புரிமைச் சிக்கல் பழக்கமில்லாததற்குக் காரணம் உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உண்மையான சமயச் சடங்கிலும் திருமணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களிலும் பாட்டைப் பாடுவதை உரிமை மீறல் பட்டியலிலிருந்து விலக்கி வைக்கிறது. கல்யாண வரவேற்பிலேயே வாழ்க்கை ஓடும் குழுவுக்கு அந்த விலக்கே பழகிப்போய், பாட்டு பொதுச் சொத்து என்ற எண்ணம் வந்துவிடுகிறது. டிக்கெட் போட்டு நடத்தும் நிகழ்ச்சிக்கு அந்த விலக்கு பொருந்தாது. பதிவு செய்து வெளியிடுவதற்கு எந்த வகையிலும் பொருந்தாது.

ஒரு சினிமாப் பாட்டுக்குள் மூன்று உரிமைகள் தனித்தனியே கிடக்கின்றன: பாட்டு வரி, மெட்டு, பழைய ஒலிப்பதிவு. புதிதாகப் பாடிப் பதிவு செய்தால் மூன்றாவதைத் தொடவில்லை. முதல் இரண்டையும் தொடுகிறோம். இணையத்தில் கிடைக்கும், குரல் இல்லாமல் இசை மட்டும் உள்ள மைனஸ் ஒன் டிராக்கைப் போட்டு அதன்மேல் பாடினாலோ நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அந்த டிராக்கும் யாரோ ஒருவருடைய ஒலிப்பதிவு. இந்தக் குழு மூன்று பாட்டுக்கு அப்படிப்பட்ட டிராக்கைத்தான் மேடையில் கீபோர்டோடு கலந்து ஓட்டிவந்தது. அவை மூன்றும் முதல் வாரத்திலேயே பட்டியலை விட்டுப் போயின.

வரிக்கும் மெட்டுக்கும் உரிமைக் காலம், ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு. “ரொம்பப் பழைய பாட்டு, யார் கேட்கப் போகிறார்கள்” என்ற பேச்சு இங்கேதான் அடிபடும். 1930, 40களில் வந்த பாட்டானாலும் அதை எழுதி மெட்டமைத்தவர் பாபநாசம் சிவன் என்றால், அவர் மறைந்தது 1973. ஆகவே 2033 முடியும்வரை உரிமை இருக்கிறது. கண்ணதாசன் மறைந்தது 1981. அவர் வரிகளுக்கு 2041 முடியும்வரை. பாட்டின் வயது கணக்கே இல்லை, எழுதியவர் இறந்த ஆண்டுதான் கணக்கு.

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் விஷயத்தில் குழுவுக்கு ஒரு கதவு திறந்தது. அவர் மறைந்தது 1959 அக்டோபரில். 2019 முடிந்ததோடு அவர் வரிகளுக்கான காலம் தீர்ந்துவிட்டது. அதற்கு முன்பே தமிழ்நாடு அரசு அவருடைய படைப்புகளை நாட்டுடைமை ஆக்கியும் விட்டது. ஆனால் அவருடைய சினிமாப் பாட்டுகளின் மெட்டு அவருடையது அல்ல. அந்த இசையமைப்பாளர்களில் எம்.எஸ். விஸ்வநாதன் 2015 வரை வாழ்ந்தவர். வரி நம் கையில் இருக்கிறது, மெட்டு இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் “பட்டுக்கோட்டையார் பாட்டு ஃப்ரீ” என்று பதிவுக்குப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது மெட்டில்தான். குழு எடுத்த முடிவு மிகச் சரியானது: சினிமாவுக்கு வராத அவருடைய கவிதை ஒன்றை எடுத்துச் சொந்த மெட்டுப் போட்டார்கள். ஆல்பத்தின் மிகச் சிறந்த பாட்டு அதுதான் என்பது எங்கள் கருத்து. அவர் பிறந்த செங்கப்படுத்தான்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் வருடா வருடம் கச்சேரி செய்யும் குழுவுக்கு அந்த வரிகளின் பேச்சு நடை சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கீர்த்தனைகளிலும் இதே பொறி உண்டு. கோபாலகிருஷ்ண பாரதி, மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889), சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711–1779) ஆகிய மூவரும் காவிரிக் கரைக்காரர்கள். மூவருடைய வரிகளுக்கும் இன்று உரிமை கோர ஆளில்லை. ஆனால் இராம நாடகக் கீர்த்தனைகள் சிலவற்றுக்கு இன்று மேடையில் கேட்கும் மெட்டு கவிராயர் காலத்தது அல்ல. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் போன்ற வித்துவான்கள் பின்னால் அமைத்தது. அரியக்குடி மறைந்தது 1967. அவர் போட்ட மெட்டு என்றால் 2027 முடியும்வரை கேட்டுத்தான் செய்ய வேண்டும். பாரதியார் பாட்டிலும் அப்படியே: வரி பொது, சினிமாவில் வந்த மெட்டு பொது அல்ல. இந்தக் குழு கோபாலகிருஷ்ண பாரதி கீர்த்தனை ஒன்றும் வேதநாயகம் பிள்ளை கீர்த்தனை ஒன்றும் எடுத்தது. இரண்டுக்கும் பழைய சுரப்படுத்திய பதிப்பைத் தேடி எடுத்து, அதில் உள்ள ராகம், தாளத்தை வைத்தே அமைத்தது. பதிப்பின் தலைப்புப் பக்கத்தையும் பாட்டுள்ள பக்கத்தையும் ஸ்கேன் செய்து கோப்பில் வைத்தார்கள். இது பின்னால் கைகொடுத்தது.

கடைசியில் நின்ற ஒரு சினிமாப் பாட்டுக்கு இரண்டு வழி. சட்டத்தின் 31சி பிரிவு கவர் வெர்ஷனுக்கு, அதாவது முன்பே பதிவான பாட்டைப் புதிதாகப் பாடிப் பதிவு செய்வதற்கு, சட்டப்படியான உரிமம் தருகிறது. முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும். முன்கூட்டியே அறிவிப்பும் ராயல்டியும் கொடுக்க வேண்டும். மெட்டிலும் வரியிலும் கை வைக்கக் கூடாது. அட்டையில் இது 31சி பிரிவின்கீழ் செய்த கவர் வெர்ஷன் என்று அச்சிட வேண்டும். பழைய பாடகரின் பெயரோ படமோ, அந்தத் திரைப்படத்தின் பெயரோ அட்டையில் வரக் கூடாது. இதுவரை சரி. அடுத்த நிபந்தனைதான் சிறு குழுக்களை நிறுத்துகிறது: ஒவ்வொரு பாட்டுக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டி கட்ட வேண்டும். பெரிய நிறுவனங்களுக்குத்தான் கட்டுப்படியாகும் எண்ணிக்கை அது. கும்பகோணத்துக் குழுவுக்கு அது எட்டாது. ஆகவே உரிமையாளரான இசை நிறுவனத்திடமே நேராக எழுதிக் கேட்டார்கள்.

கடிதத்தில் கேட்க வேண்டியதைக் கேட்காவிட்டால் பதில் வந்தும் பயனில்லை. வரி, மெட்டு இரண்டுக்கும் அனுமதி தருகிறவர் ஒருவரேதானா; ஆடியோ மட்டுமா, வீடியோவுமா; எந்தெந்தத் தளங்கள்; எத்தனை ஆண்டு; எந்தெந்த நாடு; ஸ்கேல் இறக்குவதற்கும் இடையிசையை மாற்றுவதற்கும் சம்மதமா. குழு வீடியோ பற்றிக் கேட்க மறந்தது. ஆடியோ அனுமதி வந்தபின் மகாமகக் குளக்கரையில் படம்பிடிக்க எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டு, படத்தோடு பாட்டைச் சேர்ப்பதற்குத் தனி அனுமதி, தனிக் கட்டணம் என்று தெரிந்து நிறுத்தினார்கள். பாட்டு வரி மட்டும் ஓடும் லிரிக் வீடியோவுக்கும் அதே கதைதான்.

மகாளயபட்சமும் பின்கட்டு அறையும்

டெல்டாவில் குழு சும்மா இருக்கும் நாட்கள் குறைவு. தை தொடங்கிக் கல்யாணம், சித்திரை வைகாசியில் திருவிழா, ஆடியில் கல்யாணம் இல்லாவிட்டாலும் மாரியம்மன் கோயில் கச்சேரிகள் குவியும். ஆவணி மறுபடி முகூர்த்தம். மகாளயபட்சப் பதினைந்து நாளில்தான் யாரும் தேதி கேட்பதில்லை. அது முடிந்ததும் நவராத்திரி வந்துவிடும். அதன் பின்னால் வடகிழக்குப் பருவமழை. மழை தொடங்கிவிட்டால் தோல் கருவிகள் சொன்ன பேச்சு கேட்காது. ஈரக் காற்றில் தபேலாவின் சுருதி இறங்கிக்கொண்டே போகும், ஒரு டேக்குக்கும் அடுத்ததற்கும் பொருந்தாது. ஆகவே தாளக் கருவிகள் முழுவதையும் அந்தப் பதினைந்து நாளுக்குள் முடிப்பது என்று வைத்துக்கொண்டார்கள். புரட்டாசிச் சனிக்கிழமை காலையில் மட்டும் வேலை இல்லை. பெருமாள் கோயில் ஒலிபெருக்கி எல்லா மைக்கிலும் ஏறிவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை நாளையும் முன்கூட்டியே பார்த்து விலக்கினார்கள்.

அறை, வீட்டின் பின்கட்டில் 14 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி. இந்த அளவைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 14 அடி நீளத்துக்கு 40 ஹெர்ட்ஸ் பக்கமும், 12 அடிக்கு 47 பக்கமும், 10 அடிக்கு 56 பக்கமும் ஒலி சுவருக்குச் சுவர் மோதி எழும்பி நிற்கும். பேஸ் கிட்டாரின் அடி ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். அந்த அறையில் ஸ்பீக்கர் வைத்துக் கேட்டால் ஈயும் எஃபும் மட்டும் இடி இடிப்பதுபோல் கேட்கும்; அதைக் கேட்டு பேஸைக் குறைத்து மிக்ஸ் செய்தால் வெளியே காரில் கேட்கும்போது அடியே இருக்காது. சுவரில் கோரைப் பாய் அடித்தார்கள். பாய், உயர்ந்த சுருதி ஒலியின் எதிரொலியைக் கொஞ்சம் உறிஞ்சும், அடி ஒலிக்கு ஒன்றும் செய்யாது. மூலைகளில் இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்தியபின் குரல் பதிவுக்கு அறை தேறியது. 40 ஹெர்ட்ஸுக்கு மெத்தையும் போதாது என்பதால், பேஸை மைக் இல்லாமல், கருவியின் மின் ஒலியை நேரே பதிவுக்கு அனுப்பும் டிஐ பெட்டி வழியாக ஏற்றி, மிக்ஸை ஹெட்போனிலும் காரிலும் சரிபார்த்தார்கள்.

முதல் நாள் முழுதும் ஓர் இரைச்சல் தொல்லை செய்தது. 50 ஹெர்ட்ஸ் மின் உறுமல். கீபோர்டு ஒரு பிளக் பாயின்ட்டிலும், ஒலியைக் கணினிக்குள் ஏற்றும் இன்டர்ஃபேஸ் இன்னொன்றிலும் இருந்ததால் இரண்டு எர்த்துக்கும் இடையே மின்னோட்டம். மேடையில் சிலர் செய்வதுபோல மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை எடுத்துவிடுவது உயிருக்கு ஆபத்து. ஈரமான டெல்டா மேடையில் இரும்புச் சட்டம் உள்ள மைக்கை உதட்டில் வைத்துப் பாடுகிறவருக்கு இதைவிடக் கெட்டது வேறில்லை. எல்லாக் கருவியையும் ஒரே பாயின்ட்டிலிருந்து ஒரே பலகை வழியாகக் கொடுத்து, டிஐ பெட்டியில் ஒலிக் கம்பியின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்தியதும் உறுமல் நின்றது.

ஸ்கேலும் குரலும்

சினிமாப் பாட்டின் மூல ஸ்கேல் ஜி மைனர். முதன்மைப் பாடகருக்கு வயது அறுபதை ஒட்டி. சரணத்தின் உச்சியில் குரல் கத்தலாக மாறியது. மூன்று அரைச் சுரம் இறக்கி ஈ மைனரில் போட்டால் குரல் வசதியாக இருந்தது, பாட்டு படுத்துவிட்டது. இரண்டு இறக்கி எஃப் மைனரில் வைத்தார்கள். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தினால் முடிந்தது. பேஸில் அப்படி முடியாது. மூலத்தில் பேஸ், ஜியிலிருந்து கீழே எஃபைத் தொட்டுத் திரும்பும். இரண்டு இறக்கினால் அந்த எஃப், ஈ ஃபிளாட் ஆகும். நாலு கம்பி பேஸில் ஈக்குக் கீழே சுரமே கிடையாது. மேல் ஸ்தாயியில் வாசித்துப் பார்த்தார்கள், பாட்டின் இடுப்பு ஒடிந்துபோனது. பேஸின் நாலு கம்பியையும் அரைச் சுரம் தளர்த்தி ஈ ஃபிளாட்டுக்குக் கொண்டுவந்தபின் அது சரியாக உட்கார்ந்தது. தளர்ந்த கம்பி ஃபிரெட்டில் பட்டுக் கறகறக்கும் என்பதால் அடிக்கம்பியை ஓர் அளவு தடிமனாக மாற்ற வேண்டியிருந்தது. ஸ்கேல் இறக்கும்போது முதலில் பேஸ்காரரிடம் கேட்பது நல்ல பழக்கம்.

குரல் பதிவில், நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் ஸ்டுடியோ வகையான கண்டென்சர் மைக் தோற்றது. முப்பது வருஷமாக மைக்கை உதட்டில் ஒட்டிப் பாடியவர், ஏழெட்டு அங்குலம் தள்ளி நின்று பாடச் சொன்னதும் தன் குரலைத் தானே அடையாளம் தெரியாமல் தடுமாறினார். மேல் சுரத்தில் மைக்கை விலக்கி, கீழ்ச் சுரத்தில் நெருக்கி, கையாலேயே சத்தத்தைக் கட்டுப்படுத்துவது அவருடைய பாட்டு முறையின் ஒரு பாகம். அவருடைய மேடை மைக்கான ஷூர் எஸ்எம்58ஐயே கையில் கொடுத்தார்கள். மூன்றாவது டேக்கில் பல்லவி நின்றுவிட்டது. பெண் குரலுக்குக் கண்டென்சரே பொருந்தியது. காதில் போகும் ஒலிக்கு மட்டும் கொஞ்சம் ரிவெர்ப், அதாவது எதிரொலி, கொடுத்தால் மேடைப் பாடகர்களுக்குத் தைரியம் வருகிறது. பதிவில் அதை ஏற்றக் கூடாது.

பாடகர் தாளத்துக்குப் பின்னால் விழுகிறார் என்று இரண்டு நாள் அவரைக் குறை சொன்னார்கள். குற்றம் கணினியில் இருந்தது. கணினி ஒலியைத் தேக்கிவைத்து அனுப்பும் அளவான பஃபர் 1024 சாம்பிளில் இருந்தது. 48 கிலோஹெர்ட்ஸில் அது ஒரு வழிக்கே 21 மில்லி விநாடி, போக வர இரட்டிப்புக்கும் மேல். தன் குரலே காதுக்குத் தாமதமாக வந்தால் யாரும் தடுமாறுவார்கள். 128க்கு இறக்கியதும் தாமதம் ஒரு வழிக்கு 3 மில்லி விநாடிக்குள் வந்து, குரல் நேரானது. பதிவின்போது 128, மிக்ஸின்போது 1024 என்று சுவரில் எழுதி ஒட்டினார்கள்.

இதில் எங்களுக்கு ஓர் அழுத்தமான கருத்து உண்டு. மேடையில் மூலப் பாடகரைப்போலவே பாடுவது பாராட்டுக்குரிய திறமை. “அப்படியே இருக்கு” என்று கைதட்டுவார்கள். பதிவில் அதே திறமை பாட்டைக் கொல்லும். மூலம் விரல் தொடும் தூரத்தில் இருக்கும்போது அதன் நகலை யார் கேட்பார்கள்? முதலில் எடுத்த பதிவில் மூச்சு விடும் இடம்கூட மூலத்தில் உள்ளதுபோலவே இருந்தது. அதைத் தள்ளிவிட்டு, வேகத்தைக் குறைத்து, இரண்டாவது சரணத்தைப் பெண் குரலுக்குக் கொடுத்து, இடையிசையை அனுமதி வாங்கிய அளவில் புதிதாக எழுதியபின்தான் இந்தக் குழுவுக்கு அந்தப் பாட்டோடு சொல்ல ஏதோ இருக்கிறது என்று தோன்றியது.

கிளிக்

மேடையில் பாட்டு ஓடும். பழைய கச்சேரி வீடியோ ஒன்றை அளந்து பார்த்ததில், நிமிடத்துக்கு 104 தட்டு வேகத்தில் தொடங்கிய பாட்டு முடியும்போது 112இல் இருந்தது. கூட்டம் ஆடும்போது அது தப்பில்லை. பல டிராக்காக அடுக்கும் பதிவில் அது உதவாது. வேகம் மாறாமல் இருக்கக் காதில் சீராகத் தட்டும் கிளிக் ஒலி தபேலாக்காரருக்குப் புதிது. “அண்ணே, இது காதுல டிக் டிக்னு அடிச்சா கை போகமாட்டேங்குது” என்பதுதான் அவர் கீபோர்டுக்காரரிடம் சொன்னது. கூர்மையான கிளிக் ஒலி தபேலாவின் தட்டோடு மோதி மறைந்துவிடும். சரியாக வாசிக்கும்போது கிளிக் கேட்காது, கேட்கும்போது கை விலகியிருக்கிறது. ஆகவே வாசிக்க வாசிக்கச் சந்தேகம் வளரும். கிளிக்கை எடுத்துவிட்டு அதே வேகத்தில் ஷேக்கரும் மெல்லிய டோலக் லூப்பும் போட்டார்கள். உடன் வாசிக்க ஓர் ஆள் கிடைத்ததுபோல ஆனது. பாட்டு முழுதும் ஒரே எண்ணில் இருந்ததால் சரணம் சோம்பியது. பல்லவி 104, சரணம் 106, கடைசிப் பல்லவி 107 என்று டெம்போவை முன்கூட்டியே எழுதிவைத்து அதற்கும் வழி செய்தார்கள்.

நாகஸ்வரம் வந்த பாட்டு

சொந்தப் பாட்டு ஆறில் ஒன்றுக்கு நாகஸ்வரமும் தவிலும் தேவைப்பட்டன. கருவி, பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த பாரி நாகஸ்வரம். 2022இல் புவிசார் குறியீடு பெற்றது இந்த ஊர்க் கருவிதான். பாட்டு டி ஷார்ப்பில் அமைந்திருந்தது. வித்துவான் கொண்டுவந்த கருவி இரண்டு கட்டை, அதாவது டி. கீபோர்டை மாற்றலாம், ஆச்சா மரத்தை மாற்ற முடியாது. பாட்டை அரைச் சுரம் இறக்கினார்கள். இது எளிதில் முடிந்தது.

அடுத்தது முடியவில்லை. கீபோர்டு ஏ 440இல் நிற்கிறது; அதாவது ஏ என்ற சுரம் 440 ஹெர்ட்ஸ். சீவாளி ஈரமாகி, கருவி சூடேறி, இருபது நிமிடம் வாசித்தபின் நாகஸ்வரத்தின் சுருதி ஏறி 445ஐ ஒட்டி நின்றது. இரண்டுக்கும் இடைவெளி சுமார் 20 சென்ட் (அரைச் சுரத்துக்கு 100 சென்ட்). டி என்ற சுரம் 293.7 ஹெர்ட்ஸிலிருந்து 297க்குப் போய்விட்டது. காதுக்கு அது கசப்பாகத் தெரியும். வித்துவானை உதட்டால் இறக்கி வாசிக்கச் சொன்னால் வாசிப்பார். ஆனால் அவர் கவனம் முழுதும் சுருதியைப் பிடித்துக்கொண்டிருப்பதில் போய், பிருகா என்ற வேகச் சுர அடுக்கு செத்துப்போகும். மென்பொருளில் ஒவ்வொரு சுரத்தையும் பிடித்து இழுக்கும் ஆட்டோ டியூன் போட்டால் கமகம் படிக்கட்டாக உடையும். முழு டிராக்கையும் ஒரே அளவு இறக்குவது அவ்வளவு கெடுதல் செய்யாது, ஆனால் வாசிக்க வாசிக்கச் சுருதி மெல்ல ஏறுவதால் ஓர் இடத்தில் பொருந்தினால் இன்னோர் இடத்தில் விலகும்.

கீபோர்டு பகுதிகள் ஒலியாக அல்லாமல் மிடி என்ற சுரக் குறிப்புகளாகப் பதிவாகி இருந்ததால் அவற்றை ஏ 445க்கு மாற்றிக்கொள்ள ஐந்து நிமிடம் போதுமானதாக இருந்தது. கிட்டாரும் பேஸும் ஒலியாகவே பதிவாகியிருந்ததால் திரும்ப சுருதி சேர்த்து முழுதும் மறுபடி வாசிக்க வேண்டியதாயிற்று. குரல் அப்போது எடுக்கப்படவில்லை என்பது நல்ல காலம். நாகஸ்வரம் உள்ள பாட்டில் வழிகாட்டி டிராக்குக்கு அடுத்தபடியே நாகஸ்வரத்தைப் பதிவு செய்து, அது சூடேறி நிற்கும் சுருதியை அளந்து, மற்றவற்றை அதற்குச் சேர்ப்பதே முறை.

இடத்திலும் ஒரு பாடம் இருந்தது. பின்கட்டு அறையில் நாலடி தூரத்தில் மைக் வைத்தபோது சுவர்கள் திருப்பி அடித்து, ஒலி தகரம்போல வந்தது. நாகஸ்வரத்தின் ஒலி, அதன் விரிந்த அடிவாயான அணசு வழியாக மட்டும் வருவதில்லை; விரல் துளைகள் எல்லாவற்றிலிருந்தும் வருகிறது. அணசுக்கு நேரே மைக் வைத்தால் சில சுரங்கள் பாய்ந்து வரும், சில உள்ளே போகும். முகூர்த்தம் இல்லாத நாளில் ஒரு கல்யாண மண்டபத்தை விடியற்காலை எடுத்துக்கொண்டார்கள். ஒரு டைனமிக் மைக் ஐந்தடி தூரத்தில், குழலின் நடுப்பகுதியைப் பார்த்து. ஒரு கண்டென்சர் பன்னிரண்டடி தூரத்தில், மண்டபத்தின் ஒலிக்காக. தவிலைத் தனியே பதிவு செய்யலாம் என்று ஒரு யோசனை வந்தது, நல்லவேளையாக விட்டுவிட்டார்கள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வாசித்தால் முத்தாய்ப்பு சேராது. தவிலைப் பதினைந்தடி தள்ளி உட்காரவைத்து, நாகஸ்வர மைக்கின் முதுகு தவிலைப் பார்க்கும்படி திருப்பினார்கள். கார்டியாய்டு மைக்குக்கு முதுகுப்புறம் காது மந்தம். நாகஸ்வர மைக்கில் தவில் ஒலி கலப்பது தாங்கக்கூடிய அளவில் நின்றது. தவிலின் கூடு போட்ட விரல் அடி சட்டென்று பாயும் என்பதால் ஒலி அளவை உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வைத்தார்கள். 24 பிட் பதிவில் இவ்வளவு இடம் விடுவதால் எந்த நஷ்டமும் இல்லை.

மிக்ஸிங்கைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெளியிடும் இறுதி வடிவமான மாஸ்டரில், சராசரிச் சத்தத்தை மைனஸ் 14 லஃப்ஸ் சுற்றிலும், உச்சச் சத்தத்தை (ட்ரூ பீக்) மைனஸ் 1 டெசிபலுக்குள்ளும் முடித்தார்கள். அதற்கு மேல் சத்தமாக ஏற்றினாலும் ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் தாமாகவே இறக்கிவிடும். மிஞ்சுவது நசுங்கிய தவில் மட்டும்.

காகிதமும் வெளியீடும்

பழைய குழுக்களுக்கு மிகவும் சங்கடமான பேச்சு இது. ஆறு சொந்தப் பாட்டின் மெட்டும் ஒத்திகையில் எல்லோரும் சேர்ந்து உருவாக்கியவை என்று ஒருவர் சொல்வார். நான் போட்டது என்று இன்னொருவர். பதிவுக்கு முன்பே உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டுக்கும் வரி யார், மெட்டு யார் என்று முத்திரைத்தாளில் எழுதினார்கள். பாட்டின் உரிமையில் வரிக்குப் பாதி, மெட்டுக்குப் பாதி. ஒலிப்பதிவின் உரிமை பணம் போட்ட ஐவருக்கு, போட்ட விகிதத்தில். பணம் போடாமல் பாடியவர்களுக்கும் வாசித்தவர்களுக்கும் நிகழ்த்துநர் என்ற முறையில் சட்டத்தின் 38ஏ பிரிவு தரும் ராயல்டி உரிமை இருப்பதால், அதையும் ஒரு பத்தியில் சேர்த்தார்கள். டிரம்ஸின் தோலில் எழுதியிருக்கும் குழுப் பெயர் யாருக்குச் சொந்தம் என்பதை, விலகிப்போன பழைய உறுப்பினர் இருவரையும் அழைத்து எழுதிக்கொண்டு, வணிகக் குறியாக 41ஆம் வகுப்பில் விண்ணப்பித்தார்கள். இந்த ஒரு கையெழுத்துக்காகவே இரண்டு மாதம் ஆனது. ஆனாலும் அது வீண் அல்ல.

ஒவ்வொரு பாட்டுக்கும், அந்தப் பதிவை அடையாளம் காட்டும் 12 எழுத்துள்ள ஐஎஸ்ஆர்சி எண் வாங்க வேண்டும். வரி எழுதியவர், இசையமைத்தவர் கட்டங்களை விநியோக நிறுவனத்தின் படிவத்தில் சரியாக நிரப்ப வேண்டும். சினிமாப் பாட்டுக்கு அந்தக் கட்டத்தில் மூல இசையமைப்பாளர் பெயர் வரும், குழுவின் பெயர் வராது. ஒரே ஆளின் பெயரை ஒரு பாட்டில் இனிஷியலோடும் இன்னொன்றில் இல்லாமலும் எழுதியதால், தளத்தில் இரண்டு கலைஞர்களாகப் பிரிந்துபோய்த் திருத்த மூன்று வாரம் ஆனது. வெளியீட்டு நாளுக்குக் குறைந்தது நாலு வாரம் முன்னால் கோப்புகளைக் கொடுத்துவிட வேண்டும். அட்டையில் பழைய பாடகர் படமும் இல்லை, திரைப்படத்தின் பெயரும் இல்லை. கச்சேரியில் விற்க பென்டிரைவும் போட்டார்கள். டெல்டாவில் காரிலும் டிராக்டரிலும் பாட்டு கேட்பவர்களுக்கு இன்றும் அதுதான் வசதி. சினிமாப் பாட்டுக்கு வாங்கிய அனுமதி ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு மட்டும் என்பதால் பென்டிரைவில் ஒன்பது பாட்டுதான்.

வெளியான பத்தாம் நாள் யூடியூபில் உரிமைக் கோரல் வந்தது. எதிர்பார்த்தது சினிமாப் பாட்டுக்கு. வந்ததோ கோபாலகிருஷ்ண பாரதி கீர்த்தனைக்கு. வேறொருவர் பாடிய பதிவை வைத்திருக்கும் நிறுவனத்தின் கோப்போடு, யூடியூபின் தானியங்கிச் சோதனையான கன்டென்ட் ஐடி மெட்டைப் பொருத்திப் பார்த்துத் தானாக எழுப்பிய கோரல் அது. கீர்த்தனைகளுக்கு இது அடிக்கடி நடக்கிறது. பதற்றத்தில் வீடியோவை நீக்கத் தேவையில்லை. இது சேனலுக்கு வரும் தண்டனையான ஸ்ட்ரைக் அல்ல, விளம்பர வருமானம் யாருக்கு என்ற கேள்விதான். குழு எதிர்ப்பு மனுவில் வரியும் மெட்டும் பொதுவுடைமை என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து, பழைய சுரப் பதிப்பின் விவரத்தையும், பாடியதும் வாசித்ததும் தாங்களே என்பதையும் நாலு வரியில் எழுதியது. பதில் சொல்ல எதிர்த் தரப்புக்கு 30 நாள் அவகாசம். அந்த நாட்களுக்குள் கோரல் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஸ்கேன் செய்து வைத்த இரண்டு பக்கங்களும் மல்டி டிராக் கோப்புகளும் அப்படியே வைத்திருக்கப்பட்டுள்ளன. வேதநாயகம் பிள்ளை கீர்த்தனைக்கு இதே கோரல் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.